இரண்டு பட்டியல்கள்: விடுமுறைக்கு வீடு மாற்றிக்கொள்வதன் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

முன்பின் பார்த்திராத ஒரு குடும்பத்திடம் நம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, அவர்கள் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவது. மூணு வாரமோ நாலு வாரமோ அவர்கள் கட்டிலில் நாம் படுப்போம், நம் அடுப்பில் அவர்கள் சமைப்பார்கள். பூனைக்குச் சோறு வைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் பேச்சில் சேர்த்தி. வாடகை கெடையாது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுபது வருசத்துக்கு மேலாக இப்படியொரு பழக்கம் இருந்துவருகிறது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: 'நம்பிக்கை'. காசு பணம் கைமாறாமல் அந்நியர் அந்நியரை நம்பிய கதை என்று.

கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்பிக்கையை மனசுக்குள் தானாக ஊறுகிற ஒரு குணமாகப் பார்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை. யாரை நம்பலாம் என்று மனசு முடிவுசெய்வதற்கு முன்னாலேயே வேறு சில விசயங்கள் முடிவுசெய்துவிடுகின்றன. சம்பளம், விடுமுறைச் சட்டம், வீட்டுக்கடன், தோலின் நிறம் இவையெல்லாம். வீடு மாற்றிக்கொள்வதன் வரலாற்றை இந்தப் பக்கமிருந்து வாசித்துப் பார்ப்பதுதான் இக்குறிப்புகளின் நோக்கம்.

2

இந்தப் பழக்கம் அமைப்பு வடிவம் பெற்றது 1953ல். ஒரே வருசத்தில் இரண்டு இடங்களில். ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து ஆசிரியர்கள் சேர்ந்து 'இன்டர்வாக்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அட்லாண்டிக்கின் மறுகரையில், நியூயார்க்கில், டேவிட் ஆஸ்ட்ராஃப் என்பவர் 'வெக்கேஷன் எக்ஸ்சேஞ்ச் கிளப்' ஆரம்பித்தார். அவரும் ஆசிரியர்தான்.

இரண்டு கரையிலும் ஏன் வாத்தியார்கள்? அவர்களிடம் இரண்டு விசயங்கள் இருந்தன, ஒன்று இல்லை. நீண்ட கோடை விடுமுறை இருந்தது. இன்னொருத்தருக்குக் காட்டக்கூடிய மாதிரி ஒரு வீடு இருந்தது. ஓட்டலில் வாரக்கணக்கில் தங்கக் காசு இல்லை. உலகம் சுற்ற வேண்டும் என்ற ஆசையைப் படிப்பு கொடுத்திருந்தது. அதற்கான வசதியைச் சம்பளம் கொடுக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் வீட்டு மாற்று பிறக்கிறது. வாத்தியார் கண்ணுக்கு ஆளில்லாத கட்டடம் படுவது இது முதல் தடவையும் அல்ல. 1909ல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது புயல்மழையில் மாட்டி ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார். லீவு நாட்களில் சும்மா கிடக்கும் பள்ளிக்கூடங்களை ஏன் பயணிகள் தங்கப் பயன்படுத்தக் கூடாது என்ற அவருடைய கேள்வியிலிருந்து இளைஞர் விடுதி இயக்கம் வந்தது. அங்கே காலிப் பள்ளிக்கூடம், இங்கே காலி வீடு.

'விடுமுறை' என்பது இயற்கை கொடுத்ததல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சம்பளத்தோடு கூடிய லீவைத் தொழிலாளர்கள் சண்டை போட்டு வாங்கினார்கள். பிரான்சில் 1936ல் ஆலைகளைத் தொழிலாளர்கள் கைப்பற்றி உட்கார்ந்த பிறகுதான் மக்கள் முன்னணி அரசு இரண்டு வாரச் சம்பள விடுமுறையைச் சட்டமாக்கியது. அதே வருசம் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 52ஆவது உடன்படிக்கை, ஒரு வருசம் வேலை பார்த்தவருக்கு ஆறு வேலைநாட்கள் என்று குறைந்தபட்ச அளவை வைத்தது. பிரிட்டனில் 1938ல் சட்டம் வந்தது. அமெரிக்காவிலோ தனியார் துறைத் தொழிலாளிக்குச் சம்பள விடுமுறை கொடுத்தாக வேண்டும் என்று சொல்லும் தேசியச் சட்டம் இன்றுவரை இல்லை. ஆறு நாள் லீவும் வாடகை அறையும் உள்ளவர் யாரோடு எதை மாற்றிக்கொள்ள முடியும்? மாற்றிக்கொள்ள முதலில் கையில் ஒன்று இருக்க வேண்டும். பண்டமாற்று எல்லாருக்கும் பொது என்ற புனைவு இந்த இடத்திலேயே கிழிந்துவிடுகிறது.

3

அந்தக் காலத்தில் இது நடந்தது அச்சடித்த பட்டியல் வழியாக. சந்தா கட்டினால் வீட்டு விவரம் பட்டியலில் ஏறும். எந்த ஊர், எத்தனை அறை, எந்தத் தேதிகள், கார் உண்டா இல்லையா. பட்டியலைப் பார்த்துக் கடிதம் எழுத வேண்டும், போட்டோ அனுப்ப வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். மாசக்கணக்கில் கடிதம் போய்வந்து சாவி கைமாறும்போது அந்நியர் என்று சொல்ல மிச்சம் ஒன்றும் இருக்காது. பட்டியலில் இருப்பதே பாதி அறிமுகம்.

அதே காலத்தில் அதே நியூயார்க்கிலிருந்து இன்னொரு பட்டியலும் வந்துகொண்டிருந்தது. ஹார்லெமில் வசித்த கறுப்பினத் தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936ல் தொடங்கியது அது. 'பச்சைப் புத்தகம்' என்று பேர். வெள்ளையரின் ஓட்டல்கள் கறுப்பர்களுக்குக் கதவைச் சாத்திய நாட்டில், ராத்திரி எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் போடலாம், எங்கே முடி வெட்டிக்கொள்ளலாம் என்று ஊர் ஊராக முகவரி சொன்ன பட்டியல். அதில் 'டூரிஸ்ட் ஹோம்' என்றொரு தலைப்பு இருக்கும். ஓட்டலே இல்லாத ஊரில் கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் வீட்டு அறையைப் பயணிக்கு வாடகைக்குத் திறந்துவிட்ட முகவரிகள். பல முகவரிகள் 'திருமதி இன்னார்' என்றுதான் தொடங்கும்.

இரண்டுமே வீட்டு முகவரிப் பட்டியல்கள். இரண்டும் முன்பின் தெரியாதவர் வீட்டில் ராத்தங்குவதைப் பற்றியவை. ஒன்று, செலவைக் குறைத்து ஊர் பார்க்க. மற்றது, அடிபடாமல் அவமானப்படாமல் ஊர்போய்ச் சேர. முதல் பட்டியலில் நம்பிக்கை என்பது இனிமையான அனுபவம். இரண்டாவதில் அது உயிர்ப் பிரச்சினை.

ஆஸ்ட்ராஃபின் பட்டியலில் நிறத்தடை எழுதியிருந்தது என்று நான் சொல்லவரவில்லை. எழுத வேண்டிய அவசியம் இல்லாதபடி ஏற்பாடுகள் இருந்தன என்பதுதான் என் வாதம். 1934ல் அமைந்த கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம், கறுப்பர்கள் வாழும் பகுதிகளில் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. நியூயார்க்குக்குப் பக்கத்தில் 1947ல் எழும்பத் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பில், வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருந்தார்கள். புறநகரில் தோட்டத்தோடு ஒரு வீடு, அதைக் கோடையில் இன்னொருத்தருக்குக் கொடுத்து வாங்குவது என்கிற நிலைக்கு யார் வரலாம் என்பதை வங்கியும் அரசும் முன்னாலேயே வடிகட்டிவிட்டன. வடிகட்டலுக்குப் பிறகு மிஞ்சியவர்கள் ஒருவரையொருவர் 'அந்நியர்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். முகம்தான் புதுசு. வர்க்கமும் நிறமும் ஏற்கனவே பழக்கமானவை.

கிரீன் தன் புத்தகத்தின் முன்னுரையில், இப்படியொரு வழிகாட்டி தேவைப்படாத நாள் வரும் என்று எதிர்பார்த்து எழுதினார். 1960ல் அவர் இறந்துபோனார். 1964ல் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. 1966-67 பதிப்போடு புத்தகம் நின்றது. நாள் வந்ததா என்பது வேறு கேள்வி. வீட்டை நாள்வாடகைக்கு விடும் 'ஏர்பிஎன்பி'யில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஒரே மாதிரி விண்ணப்பங்களைப் பேரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். கறுப்பினப் பேர் என்று தெரிகிற பேர்களுக்கு இசைவு கிடைப்பது 16 சதவீதம் குறைவு என்று 2017ல் வெளியிட்டார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப்போய் 'நீங்க என்ன ஆளுங்க' என்ற கேள்வி முன்னால் நின்று திரும்பிய தலித் தோழர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

4

விருந்து என்ற சொல்லுக்குத் தமிழில் புதுமை என்று பொருள். தொல்காப்பியம் செய்யுளியலில் புதுவகை யாப்புக்கே 'விருந்து' என்று பேர் வைத்திருக்கிறது. வீட்டுக்கு வரும் புதியவரும் விருந்து. பரிமேலழகர் விருந்தினரை முன்பே அறிமுகமானவர், அறிமுகமில்லாதவர் என இரண்டாகப் பிரிப்பார். ஐரோப்பிய மொழிகளில் விசயம் இன்னும் சிக்கலானது. லத்தீனில் விருந்தினரைக் குறிக்கும் சொல்லும் பகைவரைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதை பென்வெனிஸ்த் விளக்கியிருக்கிறார். விருந்தோம்புகிறவர் 'இது என் வீடு' என்ற அதிகாரத்தை விடாமல் பிடித்துக்கொண்டுதான் கதவைத் திறக்கிறார் என்று தெரிதா அதை மேலே கொண்டுபோவார்.

வீட்டு மாற்றில் இந்த அதிகாரம் வினோதமாகிறது. வீட்டுக்காரர் வீட்டில் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விருந்தாளி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஊரில் இல்லாத வீட்டுக்காரர். முகம் பார்க்காமலே முடிந்துவிடக்கூடிய விருந்து. இதற்கு நேர் எதிரான முயற்சி ஒன்று 1949ல் டென்மார்க்கில் ஆரம்பித்தது. இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் தூக்க மறுத்துச் சிறைக்குப் போன பாப் லூயிட்வைலர் என்ற அமெரிக்கர், காந்தியின் பாதிப்போடு உருவாக்கியது. பின்னால் 'செர்வாஸ்' என்று பேர் பெற்றது. எஸ்பராந்தோவில் 'சேவை செய்கிறோம்' என்று பொருள். அங்கே வீட்டுக்காரர் வீட்டில் இருப்பார். கூட உட்கார்ந்து சாப்பிட்டுப் பேச வேண்டும் என்பதுதான் நோக்கமே. காசு இல்லை, பதிலுக்கு வீடு தர வேண்டிய கட்டாயமும் இல்லை. போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் அது ஒரு அரசியல் செயல். நாலு வருசம் கழித்து வந்த வீட்டு மாற்று அந்த அரசியலைக் கழற்றிவிட்டுச் சிக்கனத்தை மட்டும் வைத்துக்கொண்டது என்று தோன்றுகிறது.

விருந்தோம்பலைப் புகழ்ந்து எழுதிய ஆண்கள் எல்லாரும் மறந்துபோகிற ஒரு இடம் அடுப்படி. எங்கேயும் விருந்து என்பது பெண்ணின் உழைப்பு. வீட்டு மாற்று அந்தச் சுமையை இறக்கிவைத்ததா? விருந்தாளிக்கு யாரும் ஆக்கிப்போட வேண்டியதில்லை என்ற அளவில் ஆமாம். ஆனால் இந்த ஏற்பாட்டின் பெரிய லாபமாகச் சொல்லப்படுவதே 'சமையலறை இருக்கிறது, ஓட்டல் சாப்பாட்டுச் செலவு மிச்சம்' என்பதுதான். அந்த மிச்சத்தை யார் கை உண்டாக்குகிறது? போவதற்கு முன்னால் அலமாரியைக் காலிசெய்து வீட்டைத் துடைத்து வைப்பதும், திரும்புவதற்கு முந்தின நாள் அடுத்தவர் வீட்டைத் துடைத்து வைப்பதும் யார் வேலை? புருசனும் பிள்ளைகளும் ஊர் சுத்தும்போது அவளுக்கு இன்னொருத்தி அடுப்படி கிடைக்கிறது. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறதென்று தேடிக்கொண்டு நிற்கிறாள். பச்சைப் புத்தகத்தின் 'திருமதி இன்னார்'களுக்காவது அந்த உழைப்புக்கு அறை வாடகை வந்தது.

5

பணமில்லாத மாற்று எவ்வளவு காலம் பணமில்லாமல் இருக்கும்? 'மூலதனம்' முதல் அத்தியாயத்தில் மார்க்ஸ் 20 கஜம் லினன் துணியையும் ஒரு கோட்டையும் வைத்துக்கொண்டு, எளிய மாற்றிலிருந்து பணம் எப்படித் தலைகாட்டுகிறது என்று பொறுமையாகக் காட்டுவார். அந்த அத்தியாயத்தை நம் கண்முன்னால் நடத்திக்காட்டுகிறது வீட்டு மாற்றின் பிற்கால வரலாறு.

முதல் கட்டத்தில் உன் வீடு, என் வீடு, ஒரே தேதி. இங்கே இருப்பது பயன்மதிப்பு மட்டும். பெரிய வீடா சின்ன வீடா என்று ஓரளவுக்கு மேல் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் எனக்கு வேண்டிய வீட்டுக்காரருக்கு என் ஊர் வேண்டாம் என்றால்? தேதி ஒத்துவரவில்லை என்றால்? எட் குஷின்ஸ் 1992ல் கலிபோர்னியாவில் தொடங்கிய 'ஹோம் எக்ஸ்சேஞ்ச்' பின்னால் இணையத்துக்கு வந்து பெரிதாக வளர்ந்தது. 2011ல் பிரான்சில் தோன்றிய 'கெஸ்ட் டு கெஸ்ட்' நிறுவனம் 2017ல் அதை வாங்கியது. இப்போது அங்கே நேரடி மாற்று மட்டுமல்ல, புள்ளிகளும் உண்டு. யாரோ நம் வீட்டில் தங்கினால் நமக்குப் புள்ளி சேரும். அதை வேறு யார் வீட்டிலாவது செலவழிக்கலாம். வீடு எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை பேர் தங்கலாம், என்னென்ன வசதி என்று பார்த்து ஒரு ராத்திரிக்கு இத்தனை புள்ளி. பேர்தான் புள்ளி. எல்லா வீட்டையும் ஒரே அளவுகோலில் நிறுத்துகிற 'பொதுச் சமதை' வந்துவிட்டது. ஒரு வீட்டுக்கு இன்னொரு வீட்டைவிட இத்தனை மடங்கு மதிப்பு என்று சொல்ல முடிகிற கணத்தில் பரிவர்த்தனை மதிப்பு சாவித்துவாரம் வழியாக உள்ளே நுழைந்துவிடுகிறது.

சந்தை இல்லாத இடத்திலும் இந்தச் சிக்கல் தப்பவில்லை. கியூபாவில் 1960ன் நகர்ப்புறச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு வீடு லாபத்துக்கான சரக்கு அல்ல என்றானது. வீடு மாற நினைத்தவர்களுக்கு விற்பனை வழி அடைபட்டிருந்த காலத்தில் மிச்சமிருந்தது 'பெர்முத்தா', அதாவது வீட்டுக்கு வீடு மாற்று. அது விடுமுறைக்கல்ல, நிரந்தரமாக. ஹவானாவின் பிராதோ சாலையில் அட்டையில் எழுதிக்கொண்டு வந்து நின்று ஆள் தேடினார்கள். 1983ல் இதை வைத்து ஹுவான் கார்லோஸ் தாபியோ 'பெர்முத்தா' என்ற சொல்லையே தலைப்பில் வைத்து ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தார். வீடுகள் சமமாக இல்லாதபோது வித்தியாசம் மேசைக்கடியில் பணமாகக் கைமாறியது. 2011ல் வீட்டு விற்பனையையே சட்டம் அனுமதித்தது. முன்னதில் புள்ளி, பின்னதில் கள்ளப்பணம். சமமில்லாத வீடுகளுக்கு இடையில் சமமான மாற்று என்பது இரண்டு அமைப்பிலும் முடியாமல்போனது.

6

இவ்வளவும் சொன்ன பிறகு, 'அப்படியானால் இது வெறும் மத்தியதர வர்க்க விளையாட்டு' என்று முடித்துவிடலாமா? முடிக்க எனக்கு மனசில்லை. வீட்டை மூணு வாரத்துக்கு வாடகை வாங்காமல் இன்னொருத்தருக்குக் கொடுக்க முடியும் என்பது, வீடு சரக்காக மட்டுமே இருந்தாக வேண்டியதில்லை என்பதற்குச் சாட்சி. அதே வீடு நாள்வாடகைச் சரக்காகும்போது என்ன நடக்கும் என்பதை ஐரோப்பிய நகரங்கள் பார்த்துவிட்டன. பார்சிலோனாவில் வாடகை ஏறிக் குடியிருப்போர் வெளியேற்றப்பட்டதைச் சுட்டிக்காட்டி, 10,101 சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமங்களை 2028க்குள் புதுப்பிக்காமல் விடப்போவதாக 2024ல் அந்த நகர மேயர் அறிவித்தார். தான் குடியிருக்கும் வீட்டைத்தான் மாற்றிக்கொள்ள முடியும் என்ற பழைய ஆசிரியர்களின் ஏற்பாடு ஊரைக் காலிசெய்யவில்லை. இது சின்ன விசயமல்ல.

ஆகவே நம் கேள்வி 'அந்நியரை நம்பலாமா' என்பதாக இருக்க வேண்டியதில்லை. வீடே இல்லாதவர், ஆறு நாள் லீவுகூட இல்லாதவர், பேரைச் சொன்னதும் கதவு சாத்தப்படுகிறவர் இந்தப் பட்டியலில் எப்படி ஏறுவார் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குச் சாவியை மாற்றிக்கொள்வதால் மட்டும் பதில் கிடைக்காது. வீட்டுரிமை, விடுமுறை உரிமை இரண்டுக்கும் நடந்த, நடக்கிற போராட்டங்களின் பக்கம்தான் போக வேண்டியிருக்கும். 1953ன் ஆசிரியர்கள் நல்லவர்கள். அவர்கள் பட்டியலைத் தயாரித்தபோது ஹார்லெமில் அந்தத் தபால்காரர் இன்னும் அடுத்த பதிப்புக்கு முகவரி சேகரித்துக்கொண்டிருந்தார்.