விளம்பர வருவாயை கூகுள் கணக்கிடுவது எப்படி?

கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட், 2023-ஆம் ஆண்டில் ஈட்டிய வருவாய் சுமார் 30,739 கோடி டாலர். இதில் ஏறத்தாழ 23,786 கோடி டாலர் விளம்பரங்கள் மூலம் கிடைத்ததாகும்.

சொடுக்கு அடிப்படையிலான விளம்பரம் எனில் பயனர் அதைச் சொடுக்கும்போதும், காட்சி அடிப்படையிலானது எனில் அது பயனருக்குக் காட்டப்படும்போதும் வருவாய் கணக்கில் சேர்க்கப்படுகிறது.

பிற இணையதளங்களில் கூகுள் வாயிலாக இடம்பெறும் விளம்பரங்களுக்கு, விளம்பரதாரர் செலுத்தும் முழுத் தொகையும் பொதுவாக வருவாயாகக் காட்டப்படுகிறது. விளம்பர இடம் விற்பனைக்கு முன் தனது கட்டுப்பாட்டில் இருப்பதையே நிறுவனம் இதற்குக் காரணமாகக் கூறுகிறது. அத்தளங்களுக்குரிய பங்கு செலவில் பதிவாகிறது.

இத்தளங்களுக்கும், கூகுள் தேடலைப் பயனர்களிடம் சேர்க்கும் உலாவி, கைப்பேசி நிறுவனங்கள் உள்ளிட்டவற்றுக்கும் 2023-இல் சுமார் 5,089 கோடி டாலர் செலவிடப்பட்டது. அதாவது, 100 டாலர் விளம்பர வருவாயில் சுமார் 21 டாலர் பிறருக்குச் சென்றது.