புதுக்கோட்டை மிருதங்கமும் மேல்நாட்டுக் கலாசாலைகளும்

கலாசாலைகளுக்கிடையே ஒத்துழைப்பு என்றதும் ஒப்பந்தங்களே நம் நினைவுக்கு வருகின்றன. புதுக்கோட்டை மிருதங்க மரபு கடல் கடந்த வரலாறோ, மாணவர் ஒருவர் ஆசிரியரைத் தேடி வந்ததில் தொடங்குகிறது.

கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையே இம்மரபின் மூலவர். லயக் கணக்கின் நுட்பம் இதன் சிறப்பு. அவருடைய மாணவர் முத்தையா பிள்ளை. முத்தையாவின் மைந்தர் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). இவர் இடக்கையால் வாசித்தமையால் மேடையில் பிடில் வித்துவான் இடம் மாறி அமர வேண்டியிருந்தது. அதற்கு இசையாதவரும் உண்டு. இவரிடம் பயின்றவரே தி. ரங்கநாதன்.

அமெரிக்கரான ராபர்ட் பிரவுன் சென்னைக்கு வந்து ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றார். அதனையே ஆராய்ந்து 1965இல் கலிபோர்னியாவில் டாக்டர் பட்டமும் பெற்றார். 1963இல் ரங்கநாதன் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க அழைக்கப்பட்டார். மெதடிஸ்டுகள் 1831இல் நிறுவி, ஜான் வெஸ்லியின் பெயரைச் சூட்டிய கலாசாலை அது. கலைஞரைக் கலைஞராகவே ஏற்று ஆசிரியராக அமர்த்தினர். ஆராதனைக்கு ஆர்மோனியமே போதும் என்றிருந்த நம்மிற் பலருக்கு இச்செய்தி சற்றே நாணம் தருவதுதான்!

ரங்கநாதனிடமும் அவர் தம்பி விசுவநாதனிடமும் பயின்ற ஜான் ஹிக்கின்ஸ், 1965இல் திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையில் பாடினார். பழனியின் மற்றொரு மாணவரான திருச்சி சங்கரனும் ஹிக்கின்ஸும் 1971இல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைக் கல்வியைத் தொடங்கினர். செவிவழியே கற்ற சொற்கட்டுகளைச் சங்கரன் மேல்நாட்டு மாணவருக்கு எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று. தென்னிந்திய லயமுறைகளைப் பற்றிய அவரது ஆங்கில நூல் 1994இல் வெளிவந்தது.