உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகள்

கேடு என்று தெரிந்தும் ஒரு செயலைச் செய்தே தீரவேண்டும் என்ற தூண்டுதலைத் திரும்பத் திரும்ப அடக்க முடியாமல் போகும் மனநலக் குறைபாடுகள் இவை. செயலுக்கு முன் மனத்தில் இறுக்கம் ஏறும்; செய்யும்போது கிளர்ச்சியோ நிம்மதியோ கிடைக்கும்; பின்னால் பெரும்பாலும் குற்றவுணர்வு வரும். உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடு தீவைப்பு வெறி, திருட்டு நோய், திடீர் ஆத்திர வெடிப்பு, கட்டுக்கடங்காப் பாலியல் நடத்தை ஆகியவற்றை இத்தலைப்பில் வைக்கிறது. முந்தைய வகைப்பாட்டில் இங்கேயே இருந்த சூதாட்டக் கோளாறு இப்போது அடிமைப் பழக்கங்களோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனாலும் சென்னையில் இந்தப் பேச்சை எடுத்தால் சூதாட்டத்தைத் தவிர்க்க முடியாது.

திருட்டு நோய் அரிது. கடைகளில் திருடிப் பிடிபடுகிறவர்களில் சிறு பங்கினரே இந்நோயாளிகள். தேவையில்லாத, காசு கொடுத்தே வாங்கக்கூடிய பொருளை எடுத்து, பிறகு ஒளித்தோ எறிந்தோ விடுவார்கள். சட்டத்தில் சலுகை கிடைப்பது கடினம்: பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு, தான் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய முடியாத மனநிலையில் இருந்தவருக்குத்தான் விலக்கு தருகிறது. திருட்டு நோயாளிக்கோ எல்லாம் தெரியும், கைதான் நிற்பதில்லை. வாங்கும் வெறிக்குத் தனி நோய்ப்பெயர் இன்னும் வகைப்பாட்டில் இல்லை. ஆடித் தள்ளுபடிக்கு தி.நகர் உஸ்மான் சாலையில் முண்டியடிப்பவர்களையெல்லாம் நோயாளிகளாக்கிவிடவும் கூடாது. கடன் ஏறியும், வாங்கியதைப் பிரிக்காமலே பீரோவில் அடுக்கியும், வீட்டில் பொய் சொல்லியும் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்கலாம்.

சூதுக்கு இந்நகரில் நீண்ட வரலாறு உண்டு. கிண்டியில் குதிரைப் பந்தயம் 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. அதைச் சூதாகக் கருதி மாநிலம் 1974-இல் சட்டம் இயற்றியது. 1996-இல் உச்ச நீதிமன்றம், பந்தயம் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. 1968-இல் அரசே தொடங்கிய பரிசுச்சீட்டு, 2003-இல் தடைசெய்யப்பட்டது. ரேஸுக்குப் பந்தய நாள் வரவேண்டியிருந்தது, பரிசுச்சீட்டுக்குக் குலுக்கல் நாள் வரவேண்டியிருந்தது. ஆன்லைன் ரம்மி அந்தக் காத்திருப்பை ஒழித்துவிட்டது. நள்ளிரவில் படுத்தபடியே அடுத்த ஆட்டம், அடுத்த பணம். மயிரிழையில் தவறிய ஆட்டத்தைக்கூட மூளை வெற்றிக்கு ஒப்பாகவே எடுத்துக்கொள்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால்தான் ‘விட்டதைப் பிடிக்கணும்’ என்கிற எண்ணம் தோற்கத் தோற்க வலுக்கிறது.

ஆன்லைன் ஆட்டங்களில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்ததால் தமிழக அரசு 2021-இல் இயற்றிய தடைச் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. தற்கொலைத் தடுப்புக்காக 1986-இல் சினேகா அமைப்பை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் உறுப்பினர். அதன் பின் வந்த சட்டம், ஆளுநர் திருப்பியனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகச் சேர்த்த அட்டவணையை நீக்கியது. 2025-இன் மாநில விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டத்துக்குள் நுழைவதைத் தடுத்தன. அந்த ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் நாடாளுமன்றம் தடைசெய்தது.

நள்ளிரவுத் தடையைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் மனநல ஆலோசகர் செய்வதும் அதுவே: தூண்டுதலுக்கும் செயலுக்கும் நடுவில் நேரத்தை நுழைப்பது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், எந்த நேரத்தில், யாரோடு சண்டை போட்ட பிறகு, எந்தத் தேதியில் கை பரபரக்கிறது என்று நோயாளி குறித்துவைப்பார். தூண்டுதல் ஏறி, தானே இறங்கும் வரை தாக்குப்பிடிக்கப் பழகுவார். பணத்துக்கும் தடை வேண்டும். ஏ.டி.எம். கார்டும் யு.பி.ஐ. கணக்கும் வேறொருவர் கையில் இருக்கட்டும்.

மருந்துகள் துணைக்குத்தான். நால்ட்ரெக்சோனைச் சூதுக்கும் திருட்டு நோய்க்கும், ஃப்ளுவாக்செடினை ஆத்திர வெடிப்புக்கும் சில மருத்துவர்கள் தருகிறார்கள். மருந்தே நோயைக் கொண்டுவருவதும் உண்டு. பார்க்கின்சன் நோய்க்கான பிரமிபெக்சோல், ரோபினிரோல் உட்கொள்ளும் சிலருக்குத் திடீரெனச் சூதும் செலவும் தலைதூக்கும். அறுபது வயதுவரை சீட்டையே தொடாத அப்பா ஆடத் தொடங்கினால் திட்டுவதற்கு முன் மருந்துச்சீட்டைப் பார்க்கவேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது. அளவை மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

குடும்பங்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, நகையை அடகுவைத்து மொத்தக் கடனையும் ரகசியமாக அடைத்துவிடுவது. அடைபட்ட கடன், நோயாளிக்கு அடுத்த ஆட்டத்துக்கான முதல். அடையாறு இந்திரா நகரிலுள்ள டி.டி.கே. மருத்துவமனை பல ஆண்டுகளாகக் குடிநோய்ச் சிகிச்சைக்குள் குடும்பத்தையும் சேர்த்துவருகிறது. சூதுக்கும் அந்த முறை பொருந்தும். கடனால் உயிரை விடும் எண்ணம் வந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது. மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில் சினேகா இருக்கிறது. கட்டணமில்லாத டெலி மனாஸ் எண் 14416-இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.