ஐயன்

ஐயன் என்பது தலைவன், தந்தை, ஆசான், கடவுள் ஆகியோரைக் குறிக்கும் சொல். 'ஆர்' விகுதி சேர்ந்தால் ஐயனார். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஆற்றை ஒட்டி இருப்பது நீர்காத்த அய்யனார் கோவில். அந்த ஆற்றுக்கும் அய்யனார் கோவில் ஆறு என்றே பெயர்.

சொல்லின் வேர் குறித்து இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று, அது 'ஐ' என்னும் ஓரெழுத்துத் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்பது. தொல்காப்பிய உரியியல் 'ஐ'க்கு வியப்பு என்று பொருள் சொல்கிறது. 771ஆம் திருக்குறளில் வரும் 'என்னை' என்பது என் + ஐ, அதாவது என் தலைவன். பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியும் இதைத் திராவிடச் சொல்லாகவே கொள்கிறது. மற்றொன்று, வடமொழி 'ஆர்ய' பிராகிருதத்திலும் பாலியிலும் 'அய்ய' எனத் திரிந்து தெற்கே வந்தது என்பது. தனித்து நிற்கும் 'ஐ'யை இந்த இரண்டாம் கருத்தால் விளக்க முடியாது. ஆனால் ஒலியும் பொருளும் நெருங்கிய இரு சொற்கள் காலப்போக்கில் கலந்திருக்க வேண்டும். பிற்கால வழக்கில் அவற்றைப் பிரித்தெடுப்பது வீண் வேலை.

பொருள் ஊருக்கு ஊர் மாறுகிறது. யாழ்ப்பாணத்தில் 'ஐயா' தந்தை. சிங்களத்தில் 'அய்யா' அண்ணன். தெலுங்கில் தந்தையையும் பெரியவரையும் குறிக்கும். கன்னட வீரசைவரிடையே ஜங்கமரை 'அய்ய' என்பர். தமிழில் பிராமணருக்கு வழங்கும் 'ஐயர்' கிறித்தவப் போதகருக்கும் ஆகிவந்தது, ஜி.யு. போப், போப்பையர் ஆனார். ஐரோப்பாவிலும் இப்படித்தான்: மூத்தவர் எனப் பொருள்படும் லத்தீன் 'செனியோர்' ஸ்பானிய 'செஞ்ஞோர்' ஆகவும் ஆங்கில 'சர்' ஆகவும் மாறி, வயதை விட்டு மரியாதையை மட்டும் வைத்துக்கொண்டது.

ஒலி ஒன்றாக இருப்பதாலேயே ஒரே வேர் என்று கொள்ளக்கூடாது என்பதற்கு 'ஆயா' சான்று. செட்டிநாட்டில் பாட்டியைக் குறிக்கும் ஆயா, தாயைக் குறிக்கும் 'ஆய்' என்பதன் உறவு. பிள்ளை பார்க்கும் ஆயாவோ போர்த்துக்கீசிய 'ஆயா'; இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்கும் போனது.

எழுத்திலும் இச்சொல்லுக்கு இரு வடிவம். 'ஐ'யை 'அய்' என எழுதும் பெரியாரின் முறையை 1978இன் எழுத்துச் சீர்திருத்த அரசாணை ஏற்கவில்லை. ஆனாலும் வழக்கில் இரண்டும் நிலைத்துவிட்டன. அகராதியில் தேடுவோர் ஐகாரத்திலும் அகரத்திலும் பார்க்க வேண்டும்.