புத்தளக் கரையோரக் காப்பு நிலங்களும் தன்னார்வச் சங்கங்களும்

காடும் கடலும் எவருக்கு உரியன என்னும் வினா வரலாற்றில் பலமுறை எழுந்துள்ளது. காலத்துக்குக் காலம் அரசும் வணிகரும் அங்கு வாழும் குடிகளும் அவ்வினாவுக்கு வெவ்வேறு விடை கூறி வந்துள்ளனர். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு உட்பட்ட காலத்தில் நான்காவது தரப்பொன்றும் இவ்வினாவிற் பங்கு கொண்டது. ஊதியம் எதிர்பாராது, தமக்குச் சொந்தமல்லாத நிலத்தைக் காக்கவென ஒன்றுகூடிய தன்னார்வச் சங்கங்களே அத்தரப்பாகும். இச்சங்கங்கள் அரசின் காப்பு நிலங்களுடன் எவ்வாறு உறவு கொண்டன, அவ்வுறவிற் பெற்றவை எவை, தவறியவை எவை என்பவற்றை ஆராய்வதற்கு இலங்கையின் புத்தளக் கரையோரம் மிகப் பொருத்தமான களமாகும்.

சிலாபத்துக்கு வடக்கே முந்தல், உடப்பு, புத்தளம், கற்பிட்டி எனத் தொடரும் இக்கரையோரம் மணற்றிட்டும் களப்பும் கண்டற்காடும் உப்பளமும் கலந்த நிலமாகும். அதன் வடவெல்லையில் ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர் பரப்புடைய வில்பத்துத் தேசிய பூங்கா அமைந்துள்ளது. தெற்கே கலா ஓயாவும் வடக்கே மோதரகம் ஆறும் மேற்கே கடலும் அதற்கு எல்லைகளாக விளங்குகின்றன. மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கையான ஆழமற்ற நீர்நிலைகள் இங்கு ‘வில்லு’ எனப்படும். பூங்காவின் பெயரும் அவ்வில்லுகளிலிருந்தே வந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. சிறுத்தைக்கும் கரடிக்கும் யானைக்கும் உறைவிடமாகிய இக்காட்டைக் காணும் எவரும் அதனை மனிதர் கால்படாத கன்னிக்காடு என்றே எண்ணுவர்.

ஆயின், வரலாறு காட்டுவது வேறாகும். பூங்காவின் எல்லைக்குட்பட்ட பொம்பரிப்பில் 1920களில் ஹோகாட் அவர்களும், 1950களில் தொல்பொருளியற் திணைக்களத்தாரும், 1970இல் விமலா பெக்லி அவர்களின் தலைமையிலான பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழுவினரும் நடத்திய அகழ்வுகள், பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த தாழியடக்கக் களமொன்றை வெளிப்படுத்தின. தமிழகத்து ஆதிச்சநல்லூர்த் தாழிகளுடன் இவை ஒப்புநோக்கப்பட்டமை அறிஞர் நன்கு அறிந்ததே. கடலோரத்துக் குதிரைமலையும், வடக்கே முத்துக்குளிப்புக் காலங்களில் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்ட மரிச்சுக்கட்டியும், காட்டினுள்ளே சிதைந்து கிடக்கும் பழங்குளங்களும் மக்கள் வாழ்வின் சுவடுகளேயாகும். எனவே இங்கு காப்பு நிலம் என்பது வெற்றிடத்தில் வரையப்பட்ட எல்லையன்று; மக்கள் வாழ்ந்தும் நீங்கியும் மீண்டும் குடியேறியும் வந்த நிலத்தின் மீது வரையப்பட்டதொன்றாகும். இவ்வுண்மையை மறந்தபோதெல்லாம் பாதுகாப்பு முயற்சி இடர்ப்பட்டது என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் இலங்கைக் காடுகளில் ஆடிய வேட்டை அளவிறந்தது. மேஜர் றொஜேர்ஸ் என்னும் ஒரே அதிகாரி ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் எனக் கூறப்படுவதிலிருந்து அக்கால நிலையை உய்த்துணரலாம். யானையைப் பயிரழிக்கும் விலங்கெனக் கருதி, அதனைக் கொல்வோருக்கு அரசாங்கமே வெகுமதி வழங்கிய காலமும் இருந்தது. இவ்வழிவு கண்டு அஞ்சியவர்களுள் வேட்டைக்காரரே முதல்வராக நின்றனர் என்பது முரணாகத் தோன்றினும் உண்மையாகும். விலங்குகள் அற்றுப்போயின் வேட்டையும் அற்றுப்போகும் என்பதை அவர்கள் உணர்ந்தனர். 1894 மே மாதம் 23ஆம் நாள் ‘இலங்கை வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம்’ தோன்றியது. இன்று வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் என வழங்கும் இவ்வமைப்பு, உலகில் இத்தகைய சங்கங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்றாகும்.

சங்கத்திடம் நிலமும் இல்லை, சட்ட அதிகாரமும் இல்லை. அதனாற் செய்யக்கூடியன இரண்டே: நேரிற் கண்டு அறிந்தவற்றைத் தொகுத்து அரசாங்கத்தின் முன் வைத்தல், வைத்ததை மறவாது மீண்டும் மீண்டும் வலியுறுத்தல். இவ்விரண்டையும் சங்கம் அயராது செய்தது. 1905இல் வில்பத்து சரணாலயமாக்கப்பட்டது. 1936இல் சங்கத்தின் ‘லோரிஸ்’ என்னும் சஞ்சிகை தோன்றியது. 1937இல் விவசாய அமைச்சராக விளங்கிய டி. எஸ். சேனநாயக்க அவர்களின் காலத்தில் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு, அதாவது 1938 பெப்ரவரியில், யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. 1949இல் வனசீவராசிகளுக்கெனத் தனித் திணைக்களமும் அமைந்தது. சிறியதோர் தன்னார்வச் சங்கம் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குள் சட்டமும் பூங்காவும் திணைக்களமும் உருவாவதற்குத் துணை நின்றது என்பது சிறு சாதனையன்று.

எனினும், இச்சாதனையின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். தொடக்க காலச் சங்கம் பெரும்பாலும் தோட்டத் துரைமாரும் அதிகாரிகளும் கொண்டதாகவே இருந்தது. பொழுதுபோக்குக்காகத் துப்பாக்கி ஏந்தியவன் ‘வேட்டை வீரன்’ எனப்பட்டான். உணவுக்காகப் பொறி வைத்த கிராமத்தவனோ ‘திருட்டு வேட்டைக்காரன்’ எனப்பட்டான். யாலவில் பூங்காவை அடுத்து அனுமதி பெற்ற கனவான்களுக்கென வேட்டை ஒதுக்கமொன்று விடப்பட்டிருந்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. தேனெடுத்தல், விறகு பொறுக்கல், குளத்தில் மீன் பிடித்தல், மாடு மேய்த்தல் என்பனவற்றால் காட்டுடன் தொடர்பு கொண்டிருந்த குடிகளுடைய கருத்தைக் கேட்கும் வழக்கம் அன்றைய சங்கத்திலும் இல்லை, அரசாங்கத்திலும் இல்லை. சட்டம் கிடைத்தது, சட்டத்தைத் தமதெனக் கருதும் அயலவர் கிடைக்கவில்லை.

நாட்டின் உள்நாட்டுப் போர் இக்குறையை வேறொரு வகையில் வெளிப்படுத்தியது. 1985இல் வில்பத்துவில் ஆயுதத் தாக்குதல் நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. 1988இல் பூங்கா மூடப்பட்டது. பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாகப் பார்வையாளர் எவரும் செல்லவில்லை. 2003இல், போர்நிறுத்தக் காலத்தில், அது மீளத் திறக்கப்பட்டது. 2006 மே மாதத்தில் பூங்காவினுள் நிலக்கண்ணி வெடித்ததில் ‘த றோட் ஃபுறொம் எலிஃபன்ற் பாஸ்’ என்னும் ஆங்கில நாவலின் ஆசிரியர் நிஹால் டி சில்வா உட்படப் பலர் மாண்டனர். அந்நாவலின் கதைமாந்தர் கடந்து செல்லும் காடும் இதுவே என்பது துயரமான ஒற்றுமையாகும். மீண்டும் மூடப்பட்ட பூங்கா 2010இல்தான் திறக்கப்பட்டது. எல்லையை அறிந்த அயலவரும், உள்ளே நடமாடும் ஊழியரும், இடையறாது வந்து காணும் தன்னார்வலரும் இல்லாதபோது சட்டம் ஏட்டளவில் நிற்கும் என்பதை அவ்விடைக்காலம் புலப்படுத்தியது.

போரின் மற்றொரு விளைவு இன்னும் சிக்கலானது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலார் புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிப் பகுதியிலும் பிறவிடங்களிலும், அகதிகளாகத் தஞ்சம் புகுந்தனர். இருபது ஆண்டுகளின் பின்னர் போர் ஓய்ந்து, வில்பத்துவுக்கு வடக்கேயுள்ள மரிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குழி ஆகிய தம் பழைய ஊர்களுக்கு அவர்கள் திரும்பியபோது, வயலும் வளவும் காடாகியிருந்தன. 2012இலும் 2017இலும் வெளியான வர்த்தமானி அறிவித்தல்கள் அப்பகுதி நிலங்களை ஒதுக்கக் காடாக்கின. தம்மைக் கேளாது தம் நிலத்தின் மீது எல்லை வரையப்பட்டதென அம்மக்கள் முறையிட்டனர். காடு அழிக்கப்பட்டதெனச் சூழலியல் அமைப்புகள் நீதிமன்றத்தை நாடின. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாற்றுக் காடழிப்புச் சட்டத்துக்கு முரணானதெனத் தீர்ப்பளித்து, மரங்களை மீள நடுமாறு பணித்தது. சட்டத்தின் நோக்கில் விடை தெளிவாகவே இருந்தது. ஆயின், முப்பது ஆண்டுகள் இடம்பெயர்ந்து வாழ்ந்த ஒருவருக்கு அவருடைய ஊர் எங்கே என்னும் வினாவுக்கு மரம் நடுதல் மட்டும் விடையாகாது. காட்டின் நியாயமும் அகதியின் நியாயமும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசும் அமைப்பு உரிய காலத்தில் இல்லாமற் போனமையே இங்கு நேர்ந்த குறையாகும்.

இனிக் கடற்பக்கம் நோக்குவோம். கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் முருகைக்கற் பாறைத்தொடர் 1992இல் 306 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடன் கடற் சரணாலயமாக்கப்பட்டது. 1998இல் கடல் வெப்பம் உயர்ந்தபோது அதன் முருகைகள் பெருமளவு வெளிறி மடிந்தன. கரையிலோ 1980களிலிருந்து இறால் வளர்ப்புப் பெருகி, களப்போரக் கண்டற்காடுகள் பல வெட்டப்பட்டுக் குளங்களாயின. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியதும் குளங்கள் பல கைவிடப்பட்டன. காடும் போய்ப் பண்ணையும் போய் உவர்க்குழிகளே எஞ்சின.

இந்த அழிவிலிருந்து தோன்றிய ஒழுங்கு குறிப்பிடத்தக்கது. ஒருவர் குளத்து நோய்நீர் அடுத்தவர் குளத்துக்கு வாய்க்கால் வழியே செல்வதைத் தனியொருவர் தடுக்கவியலாது. எனவே இறால் வளர்ப்போர் ஊர்தோறும் சங்கங்களாக இணைந்தனர். தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபையுடன் கூடி, எப்பகுதியில் எம்மாதத்தில் குஞ்சு விடுவது என்னும் காலஅட்டவணையை 2004 முதல் நடைமுறைப்படுத்தினர். அரசு விதி வகுக்க, அதனை ஒருவரையொருவர் அறிந்த அயலவரே காத்தனர். 1938இல் வில்பத்துவில் இல்லாதிருந்த இணைப்பு இதுவேயாகும்.

தன்னார்வம் மட்டும் போதாது என்பதற்கும் இக்காலமே சான்றாகும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின் இலங்கைக் கரையோரமெங்கும் கண்டல் நடுதல் ஓர் இயக்கமாயிற்று. 2017இல் வெளியான ஆய்வொன்று 23 இடங்களை நோக்கி, நடப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே தப்பியதெனவும், ஒன்பது இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லையெனவும் காட்டியது. நீரோட்டமும் உவர்த்தன்மையும் நிலமட்டமும் அறியாது பொருந்தாத இடங்களில் நட்டமையும், நட்டபின் திரும்பிப் பாராமையும் தோல்விக்கு முக்கிய காரணங்களாயின. நடுவிழாவுக்கு வந்த கூட்டம் பராமரிப்புக்கு வரவில்லை என்பதே இதன் சுருக்கமாகும்.

சிலாபத்தை அடுத்த பம்பலவைத் தளமாகக் கொண்ட ‘சுதீச’ என்னும் சிறு மீனவர் அமைப்பு வேறொரு வழியை நாடியது. 2015இல் சீக்கொலஜி என்னும் அமெரிக்க நிறுவனத்துடனும் அரசாங்கத்துடனும் இணைந்து, நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டத்தை அது தொடங்கியது. கரையோர ஊர்களின் 15,000 பெண்களுக்குப் பயிற்சியும் சிறு கடனும் வழங்குவது, அவர்கள் தத்தம் ஊரின் கண்டலைக் காப்பது என்பதே அதன் அடிப்படை. 2016இல் பம்பலவில் கண்டற்காட்டு அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. ஆனைவிழுந்தானிலோ பழைய குளத்தொடரும் கண்டலும் கடலும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1997இல் சரணாலயமாகி, 2001இல் றம்சார் ஈரநிலமாக ஏற்கப்பெற்ற இவ்விடத்தில், கைவிடப்பட்ட இறால் குளங்களை மீட்கும் பணியில் வனசீவராசிகள் திணைக்களமும் வடமேல் பல்கலைக்கழக ஆய்வாளரும் 1894இல் தோன்றிய அதே சங்கமும் இணைந்துள்ளனர். இங்கு கன்றை அள்ளி நடுவதினும், அடைபட்ட நீரோட்டத்தைத் திறந்து, நீர் கொணரும் வித்துகள் தாமே வேரூன்ற இடமளிப்பதே முதன்மை பெறுகின்றது. இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் அமைப்பு உலகின் முன்மாதிரி மீட்புப் பணிகளுள் ஒன்றாக ஏற்றது.

பிறநாட்டு அனுபவமும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. 2000 மே மாதத்தில் செய்மதி வழி இடங்காணும் வசதி பொதுமக்களுக்குத் துல்லியமாகக் கிடைத்ததும், அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் ‘ஜியோகேச்சிங்’ என்னும் மறைபொருள் தேடும் விளையாட்டுப் பிறந்தது. ஒருவர் பெட்டியொன்றை ஒளித்து அதன் இடக்குறிப்பை வெளியிட, மற்றையோர் கருவியின் துணையுடன் அதனைத் தேடிச் செல்வர். பெட்டி புதைப்பதும் புதுத்தடம் பதிவதும் நிலத்துக்குக் கேடென அந்நாட்டுத் தேசிய பூங்காச் சேவை தடை விதித்தது. ஆர்வலர் கழகங்கள் பிணங்கி நிற்கவில்லை. நில முகாமையாளரின் அனுமதி பெறுவதை விதியாக்கின. தேடச் செல்வோர் குப்பை பொறுக்கித் திரும்பும் வழக்கத்தை 2002இல் தொடங்கின. 2004இல் பெட்டியே இன்றி, பாறையையும் நிலவமைப்பையும் கண்டு கற்று மீளும் முறையும் தோன்றியது. பெட்டியை விட்டுக்கொடுத்துப் பூங்காவின் நம்பிக்கையைப் பெற்றனர் எனலாம். வாகனத்தை விட்டு இறங்கவும் தடையுள்ள வில்பத்துப் போன்ற இடங்களுக்கு இத்தகைய கழகம் செல்லுமாயின், எதையும் விட்டுச் செல்லாமையே அதன் முதல் விதியாதல் வேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, புத்தளக் கரையோர வரலாறு மூன்று உண்மைகளை உணர்த்துகின்றது. சட்டத்தின் துணையின்றித் தன்னார்வம் நிலைப்பதில்லை. நிலத்தின் இயல்பறியாத தன்னார்வம் பயன் தருவதில்லை. அயலில் வாழும் மக்களின் இசைவில்லாத சட்டமோ எல்லையிலேயே நின்றுவிடும். 1894இன் சங்கம் முதலாவதை நன்கறிந்திருந்தது. ஆழிப்பேரலையின் பின் மடிந்த கன்றுகள் இரண்டாவதைக் கற்பித்தன. மூன்றாவதைப் பம்பலவின் பெண்களும் இறால் வளர்ப்போரின் சங்கங்களும் செய்துகாட்டினர். மரிச்சுக்கட்டியிலோ அப்பாடம் இன்னும் கற்கப்படவில்லை. பொம்பரிப்பின் தாழிகளுக்குள் உறங்குவோரும் ஒருகால் அந்நிலத்தின் குடிகளே. காப்பு நிலத்தின் எல்லையை வரைய அமர்வோர் அதனை மனங்கொண்டு, அயலூர் மக்களையும் உடனழைத்து அமர்வாராயின், காடும் வாழும், ஊரும் வாழும்.