ஹார்லெமில் செவிலியர்கள் காட்டிய வழி

நியூயார்க்கின் ஹார்லெம் நமக்கு அந்நியமான இடமல்ல. 1913 முதல் 1916 வரை அண்ணல் அம்பேத்கர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் அதன் அருகில்தான் இருக்கிறது. கறுப்பின மக்களின் இசையும் இலக்கியமும் செழித்த பகுதியாக ஹார்லெமை அறிந்திருக்கிறோம். அந்த மக்கள் எதனால் செத்தார்கள் என்பதையும் படிப்போம்.

1990இல் ஹார்லெம் மருத்துவமனையின் மருத்துவர்கள் காலின் மெக்கார்டும் ஹரோல்ட் ஃப்ரீமனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹார்லெமின் கறுப்பின ஆண் 65 வயதைத் தொடும் வாய்ப்பு, வங்கதேசத்து ஆணுக்கு இருந்ததைவிடக் குறைவு என்றது அது. இந்த அதிகப்படி மரணங்களுக்கு முதல் காரணம் துப்பாக்கி அல்ல, இதய நோய்கள். 2009இல் வந்த இன்னோர் ஆய்வு, கறுப்பினத்தவரும் வெள்ளையருமாக 5,115 இளைஞர்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. இதயச் செயலிழப்பு வந்தவர்கள் 27 பேர். அவர்களில் 26 பேர் கறுப்பினத்தவர்.

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிடுவது அல்ல. உடலுக்குப் போதுமான ரத்தத்தை அதனால் அனுப்ப முடியாமல் போவது. கால் வீங்கும். நாலு படி ஏறினால் மூச்சிரைக்கும். படுத்தால் மூச்சு முட்டும். மருத்துவமனையில் நீரை வடித்து அனுப்புவார்கள். மாத்திரை நின்று, உப்பு கூடினால் சில வாரங்களில் மீண்டும் அதே வார்டு. 'சொன்னபடி கேட்பதில்லை' என்று பழி நோயாளி மேல் விழும்.

இந்தச் சுழற்சியை உடைக்கலாம் என்பதை 1995இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஆய்வு காட்டியது. 70 வயதைக் கடந்த 282 நோயாளிகளில் ஒரு பாதியினருக்குச் செவிலியர் தலைமையில் கற்பித்தலும் தொடர் கவனிப்பும் கிடைத்தன. 90 நாட்களில் மறு அனுமதிகள் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 94, இவர்களிடம் 53.

ஹார்லெமில் இதே வழியைச் சோதித்த முடிவுகள் 2006இல் வந்தன. நான்கு மருத்துவமனைகளின் 406 நோயாளிகள். பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். செவிலியர் ஒருமுறை நேரில் சந்தித்தார், பிறகு தொடர்ந்து தொலைபேசியில் பேசினார். உப்பு, மாத்திரை, வீக்கம் பற்றி விசாரித்தார். மருந்தளவை மாற்ற மருத்துவரிடம் பேசினார். ஓராண்டில் மருத்துவமனை அனுமதிகள் 143. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிடம் 180. நோய் அன்றாட வாழ்வை எவ்வளவு முடக்குகிறது என்று கேட்கும் மினசோட்டா வினாப்பட்டியலில் மதிப்பெண் குறைந்தால் வாழ்வு மேல். செவிலியர் பார்த்தவர்களுக்கு 38.6, மற்றவர்களுக்கு 47.3.

புதிய அறுவை சிகிச்சையோ விலையுயர்ந்த கருவியோ இதைச் செய்யவில்லை. பழி சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்ட ஒருவர் செய்தார். அந்த 'ஒருவர்' ஆவதற்கே கறுப்பினப் பெண்கள் போராட வேண்டியிருந்தது. நியூயார்க்கின் பெரும்பாலான செவிலியர் பள்ளிகள் அவர்களுக்குக் கதவடைத்திருந்த நிலையில்தான் 1923இல் ஹார்லெம் மருத்துவமனையில் அவர்களுக்கெனப் பள்ளி திறக்கப்பட்டது.

தோழர்களே, மருத்துவமனைக்குள் நுழையும் உரிமை பாதி உரிமைதான். மூச்சு வாங்காமல் நடப்பதும் நிம்மதியாகப் படுத்து உறங்குவதும் உரிமையே. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் கேளுங்கள்: வீடு திரும்பும் இதய நோயாளியை அடுத்த வாரம் அழைத்துப் பேச எந்தச் செவிலியர் இருக்கிறார்? அவருக்கு நிரந்தர வேலை இருக்கிறதா? மருந்தளவு பற்றி அவர் சொன்னால் மருத்துவர் கேட்கிறாரா?