அளவும் விலக்கும்: விலங்குவழி உணவு குறித்த இருவேறு நியாயங்கள்

இறைச்சியையும் பாலையும் குறைத்துக்கொண்டால் போதுமா, அறவே விட்டுவிட வேண்டுமா என்ற விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியாக நடத்தப்படுகிறது. உண்மையில் இதனுள் இரண்டு கேள்விகள் உள்ளன. சூழல்கேடு அளவைப் பற்றியது; விலங்கின் துன்பம் உரிமையைப் பற்றியது. முன்னதற்குக் குறைப்பு தகுந்த விடை. பின்னதற்கு அது விடையாகாது. இந்தியாவில் இவ்வேறுபாட்டை மறைப்பது பால் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2018இல் ‘சயின்ஸ்’ இதழில் ஜோசப் பூரும் தாமஸ் நெமெசெக்கும் வெளியிட்ட ஆய்வு, 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்தது. விலங்குவழி உணவு உலக மக்கள் பெறும் கலோரியில் 18 விழுக்காட்டையே தருகிறது. வேளாண் நிலத்திலோ 83 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. விலங்குவழி உணவை அறவே விலக்கும் நனிசைவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் கணக்கு இது. அதே ஆய்வின் இன்னொரு கணக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒவ்வொரு விலங்குவழி உணவையும் பாதியாக்கி, அந்தப் பாதியை அதிக வாயு உமிழும் உற்பத்தியாளர்களிடமிருந்தே கழித்தால், முழுவிலக்கால் கிட்டும் உமிழ்வுக் குறைப்பில் 71 விழுக்காடு கிடைத்துவிடும். எனவே, சூழல் நோக்கில் எவ்வளவு, எங்கிருந்து என்பவையே முதன்மையானவை. மாட்டிறைச்சியை விட்டுவிட்டுச் சீஸைக் கூட்டிக்கொள்பவர் இக்கணக்கில் சேரமாட்டார்.

உயிர் நோக்கில் நிலைமை வேறு. 1944இல் டொனால்ட் வாட்சனும் தோழர்களும் இங்கிலாந்தில் நனிசைவச் சங்கத்தைத் தொடங்கியதற்குக் காரணம் இறைச்சியன்று, பால். புலால் மறுத்தவர்களிடையே எழுந்த பிளவு அது. அப்பிளவின் நியாயத்தை இந்தியாவின் கால்நடைக் கணக்கெடுப்பே காட்டுகிறது. கன்று ஈன்றால்தான் மடி சுரக்கும். ஈனும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆண். ஆனால் 2019இல் இருந்த சுமார் 10.98 கோடி எருமைகளில் 10.06 கோடி பெண் எருமைகள். ஏரிலிருந்து டிராக்டருக்கு மாறிய ஊர்களில் கிடாக்கன்றுக்கு வேலையில்லை. பாலும் அதற்கு மிச்சம் வைக்கப்படுவதில்லை. பராமரிப்பின்றி இறப்பதும் அறுப்புக்குப் போவதுமே அதன் முடிவு. எருமை இறைச்சி ஏற்றுமதியில் இந்தியா முன்னணியில் நிற்பதும் இந்தப் பால்வளத்தின் மறுபக்கமே. காபிக்குப் பால் வாங்கும் சைவ வீடு இச்சங்கிலிக்கு வெளியே இல்லை.

அப்படியானால் எல்லாரும் நனிசைவராக வேண்டுமா? இங்கே ஊட்டச்சத்தும் வறுமையும் குறுக்கிடுகின்றன. தாவர உணவிலிருந்து போதிய பி12 உயிர்ச்சத்தை நம்பிப் பெற இயலாது. மாத்திரையோ செறிவூட்டிய உணவோ வேண்டும். இவை எளிதில் வாய்க்காத வீட்டில், சத்துணவில் முட்டை பெறும் குழந்தையிடம் முழுவிலக்கைக் கோருவது அறமாகாது. நிலமற்ற குடும்பத்துக்கு இரண்டு எருமைகள் அன்றாட வருமானம் என்பதையும் மறக்கலாகாது. கடமை எல்லார்க்கும் ஒன்றாயினும், அதன் சுமை வாய்ப்புக்கேற்ப மாற வேண்டும். அதிகம் உண்பவரிடமே முதலில் குறைக்கக் கேட்க வேண்டும்.

எனவே இரு தரப்பும் தத்தம் வாதத்தின் எல்லையை ஏற்க வேண்டும். குறைப்பவர் பருவநிலைக்குத் தம் பங்கைச் செய்ததாகச் சொல்லலாம். உயிர்க்கொலையிலிருந்து விலகிவிட்டதாகச் சொல்ல இயலாது. நனிசைவர் உமிழ்வுக் கணக்கைக் கொண்டு முழுவிலக்கை நிறுவ முயல்வது வீண். பாதிக் குறைப்பே அதற்குப் பெரும்பாலும் விடையளித்துவிடுகிறது. அவருடைய வலுவான வாதம் கன்றைப் பற்றியது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் புலால் உண்பவர் மட்டுமல்லர், பாலுண்ணும் சைவரும்தான்.